நூறா, நூற்றிருபதா?

பட்டப்பகல். நேரான நான்கு வழிச் சாலை. அரை கிலோமீட்டர் வரை தெளிவாகத் தெரிகிறது. அந்தச் சாலையில் பழுதாகி நிற்கும் வேனின் பின்னால் ஒரு கார் போய் மோதுகிறது. இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் நாம் இரண்டு காரணம்தான் சொல்வோம். டிரைவர் தூங்கியிருப்பார், இல்லாவிட்டால் செல்போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டியிருப்பார். பல நேரம் அது உண்மைதான். ஆனால் நன்றாக விழித்திருந்து, சாலையை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தவரும் அப்படி மோதக்கூடும். அதற்கான காரணம் நம் கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது. எக்ஸ்பிரஸ்வேயில் எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று கேட்பவர்கள் என்ஜினையும் டயரையும் பார்ப்பதற்கு முன்னால் கண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

முன்னால் ஒரு வண்டி இருப்பது தெரிவது வேறு, அது நிற்கிறது என்று தெரிவது வேறு. முதலாவதற்கு நல்ல பார்வை போதும். இரண்டாவதற்கு மூளை ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. நாம் நெருங்க நெருங்க வண்டியின் உருவம் விழித்திரையில் பெரிதாகும். அது எவ்வளவு சீக்கிரம் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் எவ்வளவு வேகமாக நெருங்குகிறோம் என்று மூளை அறிகிறது. அந்த வளர்ச்சி மிக மெதுவாக இருந்தால் மூளைக்குத் தட்டுப்படுவதே இல்லை. ஓட்டுநர்களை வைத்துச் செய்த சோதனைகளில் கிடைத்த எல்லை, விநாடிக்குச் சுமார் 0.003 ரேடியன். ஒரு டிகிரியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அதற்குக் கீழே இருக்கும்வரை, முன்னால் தெரிவது நம்மோடு ஓடிக்கொண்டிருக்கும் வண்டியா, நின்றுபோன வண்டியா என்று உருவத்தின் வளர்ச்சியை வைத்துச் சொல்ல முடியாது.

இதை நம் வேனுக்குப் பொருத்திப் பார்ப்போம். அதன் அகலம் 1.8 மீட்டர். நீங்கள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறீர்கள். 400 மீட்டர் தொலைவில் அதன் உருவ வளர்ச்சி அந்த எல்லையில் பத்தில் ஒரு பங்குதான். 200 மீட்டரிலும் பாதியைத் தொடவில்லை. ஏறத்தாழ 130 மீட்டருக்கு வந்த பிறகுதான் எல்லையை எட்டுகிறது. அந்த வேகத்தில் கார் விநாடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. ஆக, ‘ஐயோ, நிற்குதே!’ என்று மனம் துணுக்குறும் கணத்தில் கையில் ஐந்து விநாடிகூட இல்லை. அதற்குப் பிறகு உருவம் மளமளவென்று பெரிதாகிறது. தூரம் பாதியானால் வளர்ச்சி வேகம் நான்கு மடங்கு. மோதியவர்கள் பலர், “வண்டி திடீர்னு எதிர்ல வந்துடுச்சு” என்பார்கள். சாக்குச் சொல்கிறார்கள் என்று நாம் நினைப்போம். அவர்கள் கண் அவர்களுக்குக் காட்டியது அதைத்தான்.

இனி பிரேக். ஆபத்து என்று உணர்ந்து காலைப் பிரேக்கில் வைக்க 1.5 விநாடி ஆகிறது என்று கொள்வோம். சாலை உலர்ந்திருக்கிறது, டயர் நன்றாக இருக்கிறது, பிரேக்கை அழுத்தி மிதிக்கிறார். ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 6.5 மீட்டர் குறைகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிற்க 46 மீட்டர் வேண்டும். நூறில் 101 மீட்டர். நூற்றிருபதில் 135. நூற்று நாற்பதில் 175. நிறுத்தும் தூரத்தில் பெரும்பகுதி வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது என்பது பள்ளிப் பாடம். கண்ணின் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு வியப்பு வருகிறது. நிற்கும் வேனை ‘நிற்கிறது’ என்று கண் கண்டுகொள்ளும் தூரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் 100 மீட்டர், நூறில் 129, நூற்றிருபதில் 141, நூற்று நாற்பதில் 153. இது வர்க்கமூலத்தில்தான் ஏறுகிறது. வேகத்தைக் கூட்டக் கூட்ட, தேவைப்படும் தூரம் பாய்ந்து ஓடுகிறது. கண் தரும் தூரமோ நகர்ந்து நகர்ந்து வருகிறது. 60இல் 54 மீட்டர் மிச்சம் இருந்தது. நூறில் 28 மீட்டர். நூற்றிருபதில் ஆறே மீட்டர். அதைத் தாண்டினால் கடன்தான்.

1.5 விநாடி என்பதுகூட ஓட்டுநருக்குச் சாதகமாகப் போட்ட கணக்கு. சாலையை வடிவமைக்கும் பொறியாளர்கள் நம் நாட்டிலும் அமெரிக்காவிலும் 2.5 விநாடி என்று வைத்துக்கொள்கிறார்கள். களைத்த டிரைவர், வயதானவர், பின்சீட்டில் அழும் குழந்தையைத் திரும்பிப் பார்த்தவர் எல்லோரும் சாலையில் வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த 2.5ஐப் போட்டால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 129 மீட்டர் வேண்டும். கண் தருவதும் அதேதான். ஒரு மீட்டர்கூட மிச்சமில்லை.

‘பத்து இருபது கிலோமீட்டர் கூடப் போனால் என்ன, கொஞ்சம் தள்ளித்தானே நிற்கும்’ என்று தோன்றலாம். இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்து லேனில் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 100, மற்றது 110. சரியாக 101 மீட்டர் முன்னால் இரண்டு லேனையும் அடைத்துக்கொண்டு ஒரு மரம் விழுகிறது. இருவரும் ஒரே கணத்தில் பார்த்து, ஒரே கணத்தில் பிரேக் போடுகிறார்கள். நூறில் வந்த கார் மரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். 110இல் வந்த கார் எந்த வேகத்தில் மரத்தில் மோதும்? பத்து என்று மனம் சொல்லும். விடை 53 கிலோமீட்டர். 120இல் வந்திருந்தால் 76. கடைசிச் சில மீட்டர்களில்தான் வேகம் வெகுவாகக் குறையும். கூடுதல் வேகத்தில் வந்தவருக்கு அந்தக் கடைசி மீட்டர்கள் கிடைக்காமல் போய்விடுகின்றன. புதுக் கார் வாங்கும்போது ஐந்து நட்சத்திரம் பார்த்து வாங்குகிறோம். அந்த நட்சத்திரங்களைத் தரும் பாரத் என்காப் சோதனையில் காரை முன்புறமாக மோதவிடும் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். 76இல் மோதும் காரின் ஆற்றல் அதைவிட நாற்பது சதவீதம் அதிகம். அந்த வேகத்துக்கு நட்சத்திரம் எந்த உத்தரவாதமும் தரவில்லை.

இவ்வளவு ஆபத்து இருந்தும் நூற்றிருபதில் போகும்போது பயமே வருவதில்லையே, ஏன்? இங்கேயும் கண்தான். ஒரே வேகத்தில் நெடுநேரம் போனால் அந்த ஓட்டத்துக்குக் கண்ணும் மூளையும் பழகிவிடுகின்றன. 1969இல் அமெரிக்காவில் ஷ்மிட், டிஃபின் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மணிக்கு 70 மைல் வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டி வந்தவர்களிடம், ஸ்பீடோமீட்டரைப் பார்க்காமல் 40 மைலுக்கு, அதாவது 64 கிலோமீட்டருக்கு, வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள். 20 மைல் தூரம் ஓட்டி வந்தவர்கள் ‘குறைத்துவிட்டோம்’ என்று நம்பிய வேகம் 80 கிலோமீட்டருக்கு மேல். 40 மைல் தூரம் ஓட்டியவர்களுக்கு அது இன்னும் கூடியிருந்தது. பைபாஸிலிருந்து சர்வீஸ் ரோட்டில் இறங்கும் இடத்தில் ஏன் அவ்வளவு வண்டிகள் தடுமாறுகின்றன என்பதற்கு இது ஒரு விளக்கம். இறங்குபவருக்குத் தான் மெதுவாக வருவதாகவே தோன்றுகிறது. முள் வேறு சொல்கிறது.

இந்தக் குறையை வைத்தே கண்ணைத் திருத்தியவர் ஒருவர் உண்டு. பிரிட்டனின் சாலை ஆய்வகத்தில் பணியாற்றிய டென்டன். ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு அருகே, எம் 8 மோட்டார்வே நியூபிரிட்ஜ் என்ற இடத்தில் ஒரு ரவுண்டானாவில் போய் முடிந்தது. மோட்டார்வே வேகத்துக்குப் பழகி வந்தவர்கள் அந்த ரவுண்டானாவில் வேகம் குறையாமல் நுழைந்தார்கள். 1971இல் டென்டன் அதற்கு முன்னால் சுமார் 400 மீட்டர் நீளத்துக்குச் சாலையின் குறுக்கே 90 மஞ்சள் பட்டைகள் போடச் செய்தார். பட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் ரவுண்டானாவை நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே வந்தது. வேகத்தைக் குறைக்காமல் வந்தால், பட்டைகள் காலடியில் மேலும் மேலும் விரைந்து ஓடும். வண்டி தானாக வேகமெடுப்பதுபோல ஓட்டுபவருக்குத் தோன்றும். கால் தன்னால் பிரேக்குக்குப் போகும். போலீஸ் இல்லை, வேகத்தடை இல்லை, வெறும் பெயின்ட். வேகம் குறைந்தது, விபத்தும் குறைந்தது. பிறகு பிரிட்டனின் பல சாலைகளில் அதைப் பின்பற்றினார்கள். அறிவியல் சாலைக்கு வந்து உயிரைக் காத்த இடங்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

வேக வரம்பு வந்த கதையையும் பார்ப்போம். பிரிட்டனின் முதல் நீண்ட மோட்டார்வேயான எம் 1, 1959 நவம்பர் 2 அன்று திறக்கப்பட்டபோது வேக வரம்பே கிடையாது. நடுவே தடுப்புச் சுவர் இல்லை, விளக்கு இல்லை. அன்றைய கார்களில் பல அந்த வேகத்தைத் தொடர்ந்து தாங்காமல் என்ஜின் சூடாகி ஓரத்தில் நின்றன. வரம்பைக் கொண்டுவந்தது பனிமூட்டம். 1965 இலையுதிர்காலத்தில் பனிமூட்டத்தில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிய கோர விபத்துகளுக்குப் பிறகு, அந்த ஆண்டு டிசம்பர் 22 அன்று 70 மைல் என்ற வரம்பைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். கிலோமீட்டரில் சுமார் 113. 1967இல் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில் அதை நிரந்தரமாக்கினார். இன்றும் அதுதான். ஜெர்மனியில் பெரும்பகுதி ஆட்டோபானில் இன்றும் கட்டாய வரம்பு இல்லை என்பதை நம் ஊரில் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அங்கே 130 என்று பரிந்துரை வேகம் ஒன்று 1970களிலிருந்து இருப்பதை அவர்கள் சொல்வதில்லை. அதைத் தாண்டிப் போய் விபத்தில் சிக்கினால், பிழை உங்களுடையதாக இல்லாவிட்டாலும் நஷ்டஈட்டில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழக்கூடும்.

பனிமூட்டம் கண்ணுக்கு இன்னொரு வேலையும் செய்கிறது. 1998இல் பிரிட்டனின் கார்டிஃப் ஆய்வாளர்கள், காட்சி மங்கும்போது வேகம் குறைவாகத் தோன்றுகிறது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வண்டியோட்டும் சிமுலேட்டரில், மங்கிய காட்சியில் ஓட்டியவர்கள் தம்மையறியாமல் வேகத்தைக் கூட்டினார்கள். 2012இல் வேறொரு குழு இதைத் திருத்தியது. எல்லாமே ஒரே அளவு மங்கினால்தான், அதாவது கண்ணாடியில் ஆவி படிந்தால்தான், இப்படி நடக்கிறது. உண்மையான மூட்டத்தில் பக்கத்தில் இருப்பது தெளிவாகவும் தொலைவில் இருப்பது மங்கலாகவும் தெரியும். அப்போது வேகம் கூடுதலாகவே தோன்றும். ஆகவே முன்கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்துவிட்டுப் புறப்படுவது சின்ன விஷயம் இல்லை.

மூட்டத்துக்குப் பிரான்ஸ் ஒரு சட்டம் வைத்திருக்கிறது. பார்வைத் தூரம் 50 மீட்டருக்குக் கீழே போனால் எந்தச் சாலையிலும் வேகம் 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஈரச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிற்கும் தூரம் ஏறத்தாழ 45 மீட்டர். எவ்வளவு தூரம் தெரிகிறதோ அதற்குள் நிற்க முடிய வேண்டும் என்ற விதியை, யாரும் மறக்க முடியாதபடி ஒரே எண்ணில் சுருக்கி வைத்திருக்கிறார்கள். அதே பிரான்ஸில் அதிவேகச் சாலையின் வரம்பு உலர்ந்த நாளில் 130, மழை பெய்தால் 110.

மழையைப் பொறுத்தவரை நாம் அதைவிடக் கடுமையாக இருப்பது நல்லது. ஈரத்தில் டயரின் பிடிப்பு குறையும். நான் முன்னால் போட்ட 6.5 என்ற எண்ணை 4 ஆக்கிப் பாருங்கள். நூறில் நிற்க 138 மீட்டர் வேண்டும். கண் தரும் 129ஐ அது தாண்டிவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது. சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தால், டயர் ஒரு வேகத்துக்கு மேல் தண்ணீரைப் பிதுக்கித் தள்ள முடியாமல் அதன்மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டியரிங் பஞ்சுபோல லேசாகிவிடும். பிரேக் வேலை செய்யாது. 1960களின் தொடக்கத்தில் நாசாவின் வால்டர் ஹார்ன் விமானச் சக்கரங்களை வைத்து இதை ஆராய்ந்து ஒரு வாய்பாடு கண்டார். மிதக்கும் வேகத்தைத் தீர்மானிப்பது டயரில் உள்ள காற்றழுத்தம். வண்டியின் எடை அந்த வாய்பாட்டில் வருவதே இல்லை. கார் டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால் அந்த வேகம் மணிக்கு 94 கிலோமீட்டர். காற்று இறங்கி 24 ஆகிவிட்டால் 82. பட்டன் ஆழமாக உள்ள நல்ல டயர் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மொட்டை டயருக்கு அந்த வசதி இல்லை. இலங்கையில் 2011இல் திறந்த தெற்கு அதிவேக நெடுஞ்சாலையின் வரம்பு 100. மழை கொட்டும்போது 60க்குக் குறைக்கச் சொல்கிறார்கள். மிகையாகத் தோன்றலாம். கணக்கு அவர்கள் பக்கம்தான்.

இரவுக்கு வருவோம். லைட்டை டிம்மில் வைத்தால் சாலை நன்றாகத் தெரிவது ஏறத்தாழ 50 மீட்டர். அதற்குள் நிற்கக்கூடிய வேகம் 60 கிலோமீட்டர். நம் நெடுஞ்சாலைகளில் இரவில் டிம்மில் யாரும் 60இல் போவதில்லை. முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கை நம்பி நூறில் போகிறோம். பின்விளக்கு எரியாத டிராக்டரோ, ஓரத்தில் பாதி ஏறி நிற்கும் லாரியோ அந்த நம்பிக்கைக்கு வெளியே இருக்கின்றன. இருசக்கர வண்டி இன்னும் மோசம். அதன் அகலம் குறைவு என்பதால், பகலிலேயே நிற்கும் பைக்கை ‘நிற்கிறது’ என்று கண் உணர்வது நூறு கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 80 மீட்டரில்தான். வண்டி நிற்க 101 மீட்டர் வேண்டும். பைக்கும் மாட்டு வண்டியும் வரக்கூடிய சாலையில், பகலில்கூட, கணக்குச் சரியாக வருவது 80 கிலோமீட்டர் வரைதான்.

அப்படியானால் எல்லா இடத்திலும் மெதுவாகவே போய்விடலாமா? எக்ஸ்பிரஸ்வேயில் எல்லோரும் நூறில் வரும்போது வலது லேனில் ஐம்பதில் போனால், பின்னால் வருபவருக்கு நீங்களே அந்த வேன் ஆகிவிடுவீர்கள். ஆபத்தை உண்டாக்குவதில் வேக வித்தியாசத்துக்கும் பங்கு உண்டு. மெதுவாகப் போக விரும்பினால் இடது லேன் இருக்கிறது.

நேரத்தையும் பார்த்துவிடுவோம். நூறு கிலோமீட்டர் தூரத்தை 100இல் கடக்க 60 நிமிடம், 120இல் கடக்க 50 நிமிடம். வழி முழுக்க அந்த வேகம் கிடைத்தால் மிச்சம் பத்து நிமிடம். ஒரு டோல்கேட்டும் ஒரு டீயும் அதைத் தின்றுவிடும். அந்தப் பத்து நிமிடத்துக்காகக் காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடுகிறது. பெட்ரோலிலும் அது தெரியும்.

2018இல் மத்திய அரசு கார்களுக்கு எக்ஸ்பிரஸ்வேயில் 120 வரை, நடுத்தடுப்புள்ள நான்கு வழிச் சாலையில் 100 வரை என்று உச்ச வரம்பை அறிவித்தது. பலகையில் உள்ள எண் சட்டத்தின் எல்லை. அன்றைய மழைக்கும் இருட்டுக்கும் உங்கள் களைப்புக்கும் தகுந்த வேகத்தை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பகலில் ஓர் எளிய சோதனை உண்டு. சாலையில் உங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கடைசி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாலமோ, பலகையோ எதுவானாலும் சரி. அதை அடையும்வரை விநாடிகளை எண்ணுங்கள். ஐந்துக்குள் அடைந்துவிட்டால் வேகம் கூடுதல். நல்ல வெயில், உலர்ந்த சாலை, நல்ல டயர், தூக்கம் தெளிந்த கண் எல்லாம் இருந்தால், எக்ஸ்பிரஸ்வேயில் என் தீர்ப்பு நூறு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் எண்பது. கனமழையிலும் டிம் வெளிச்சத்திலும் அறுபது.

வண்டி பழுதாகி நின்றவருக்கும் ஒரு வேண்டுகோள். பின்னால் கல்லையும் மரக்கிளையையும் வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இரவில் அது தெரியாது, கிளம்பும்போது எடுக்க மறந்தால் அடுத்தவருக்கு எமன். நின்ற கணமே நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுங்கள். ஓரத்தில் ஒதுக்குங்கள். உள்ளே இருப்பவர்களைத் தடுப்புக்கு அப்பால் அனுப்பிவிடுங்கள். முடிந்தால் ஒளிரும் முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள். நீங்கள் நிற்பதை, வருகிறவரின் கண் 130 மீட்டருக்கு அப்பால் தானாகக் கண்டுகொள்ளாது. நீங்கள்தான் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.